எடைமேடை, ஞாயிறு

ஞாயிறு மதியம் புளியரை எடைமேடையில்
வைக்கோல் லாரி ஒன்று, எம்-சாண்ட் இரண்டு,
அதோடு சரி.
பில் புத்தகத்தை ஓரம் தள்ளி
மேசைமேல் பழைய சாரம் விரிக்கிறேன்.

மைதீன் பிச்சைதான் எப்போதும் முதலில்.
செங்கோட்டையில் பல்செட் செய்கிறவன்.
அவன் வாங்குவதெல்லாம் விரல்நீள அலகு,
மெழுகு செதுக்குகிற கண்ணுக்கு அதுதான் அழகு.
ஆரியங்காவிலிருந்து ஸ்கூட்டரில் குஞ்ஞுமோன்,
காலடியில் முழுச் சக்கை, சீட்டுக்கடியில் கத்தி.
எஸ்தர் புனலூர் ரயிலில் வருவாள்,
ஆஸ்பத்திரியில் இரவு விழித்த கண்ணோடு.

மடங்குவது வரக்கூடாது,
மெஷினில் பிறந்தது வரக்கூடாது.
பேசி வைத்தது இவ்வளவுதான்.
பேசாமலே நடப்பது ஒன்று உண்டு:
கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை.
ஒருவர் வைக்க, ஒருவர் எடுக்க.
எஸ்தர் ஜெபக்காரி, மைதீன் ஐந்து வேளை;
ஆனாலும் கத்தி
சாரத்தில் படுத்தெழுந்துதான் ஆள் மாறும்.

இன்று என் முறை.
அச்சன்கோவில் பாதையில் தங்கப்பன் பட்டறை.
லாரிப் பட்டையை அடித்து நீட்டித் தருகிறவர்.
எப்போது கிடைக்கும் என்று போன் போட்டால்
'கரி நனைஞ்ஞு போயி' என்பார்.
நான்கு மாதம் நனைந்தது அந்தக் கரி.

ஏழு அங்குலம்.
முதுகில் சுத்தியல் தழும்புகள் அப்படியே.
எருமைக்கொம்புப் பிடி, அதற்குள் ஓடும் வெள்ளை நரம்பு,
மூன்று பித்தளை ஆணி.
விலை, வீட்டில் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு.
காலையில் யாருமில்லாதபோது
மேடை நடுவில் வைத்துப் பார்த்தேன்.
அறுபது டன் பார்க்கிற எந்திரம்
பூஜ்யம் என்றது.

மைதீன் நகத்தில் வைத்து இழுத்தான்: 'கடிக்குது வே.'
குஞ்ஞுமோன் பிடியை முகர்ந்தான்,
ஏனென்று இதுவரை நான் கேட்டதில்லை.
எஸ்தர் ஒற்றைக் கண்ணை மூடி
டியூப்லைட்டுக்கு நேரே நீட்டினாள்,
ஊசியில் காற்று பார்க்கிறவள்போல்.
'வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கு.'

அதற்குப் பிறகு
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
மற்ற இருவரும் முன்பே பார்த்துவிட்டார்கள்
என்பது அந்தச் சத்தத்தில் தெரிந்தது.

வெளியே ஹாரன். ரப்பர் கட்டை லோடு.
எடை போட்டு, சில்லறைக்குச் சண்டை போட்டுத்
திரும்பி வந்தால்
குஞ்ஞுமோன் சக்கையைப் பிளந்துகொண்டிருக்கிறான்
என் கத்தியால்.

ஏன்டா என்னுடையது?
'மத்ததெல்லாம் நேரா இருக்கே.'

வீட்டு பீரோவில் பத்தொன்பது இருக்கின்றன.
ஒன்றுகூட ஒரு எலுமிச்சை அறுத்ததில்லை.
ஞாயிறுதோறும் எண்ணெய் தடவி,
பழைய வேட்டித் துண்டால் துடைத்து
மறுபடி படுக்க வைப்பேன்.
இதுவோ வந்த அன்றே
பால் ஒட்டி, நார் ஒட்டி,
அலகின் நடுவில் நீலமாக ஒரு கறை ஏறி
பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கிறது.
வயிறு எரிந்தது.
எரிந்த வயிற்றோடு பதினோரு சுளை தின்றேன்.

வாசனை பிடித்து
செக்போஸ்ட்டிலிருந்து ஏட்டு வந்தார்.
சாரத்தில் நான்கு கத்தி,
குஞ்ஞுமோன் கையில் ஐந்தாவது.
அவர் கை லத்திக்குப் போய்
பிறகுதான் கண் சக்கைக்குப் போனது.
'ஒரு பழம் அறுக்கவா இத்தனை?'

'ஆமா சார்'
என்றோம் நால்வரும்.
ஒரு எஃகைப் பற்றி, ஒரு பிடியைப் பற்றி
ஒருநாளும் ஒத்துப்போகாத நால்வர்.
அவருக்கு இலையில் சுளை மடித்துக் கொடுத்தோம்.
அதைக் கையிலிருந்து கைக்கே கொடுத்தோம்.

இரவு புளி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.
சாய்வைக் கேட்டே தீருவதென்று
தங்கப்பனுக்குப் போன் போட்டேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
எடுத்தபோது என் வாய் கேட்டது:
'அடுத்ததுக்கு மான்கொம்பு கிடையாது, தெரியும்.
பலாமரத்தில் பிடி போட முடியுமா?'

மறுமுனையில் மழைச் சத்தம்.
'கரி' என்று தொடங்கினார்.